கரம் அப்பாவின் மூன்றாவது சத்தியம்

போன வாரம் ஷைமாவை லக்ஸர் விடுதிக் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்ட சத்தத்தில் வாந்தியெடுக்க விட்டுவிட்டு, நான் பாட்டுக்கு அத்தியாயத்தை முடித்துவிட்டேன். "பிள்ளைத்தாச்சிப் பெண்ணை ஒரு வாரம் பாத்ரூமிலேயே நிற்க வைத்தீர்களே, நன்றாக இருப்பீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறேன், அம்மணி. ஷைமாவும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷைமாவின் மாமியார் மதீஹா, வடக்கே தன்தா ஊரில் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் சரித்திரம் நடத்தியவள். ஹத்ஷெப்சுத் ராணியின் கோயிலைக் கரும்பலகையில் சாக்பீஸால் முப்பத்தோரு தடவை வரைந்திருக்கிறாள். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தேனிலவுக்கு லக்ஸர் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் பத்ஹி அவளைக் கட்டினார். கூட்டிப்போனது ராஸ் எல்-பர் கடற்கரைக்கு. கேட்டால், "அங்கேயும் மணல்தானே, இங்கேயும் மணல்தானே" என்பார்.

ரிடையர் ஆனதும் மதீஹா அவரை வீட்டில் வைத்துவிட்டுத் தானே கிளம்பிவிட்டாள். கூட வந்தது மூன்று பேர். தங்கை இனாயத், அதே பள்ளியின் கணக்கு டீச்சர் ஃபெரியால், மருமகள் ஷைமா.

ஷைமாவுக்கு இது இரண்டாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்லிவிட்டார், புருஷன் ஹானிக்கும் தெரியும். மாமியாருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் அந்த நிமிஷமே டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், கல்யாணத்திலிருந்து சுமந்த முப்பத்துநாலு வருஷக் கனவு அதோடு முடிந்தது என்பதால் ஷைமா வாயைத் திறக்கவில்லை.

இனி, இன்றைய கூத்து.

காலை எட்டு மணிக்கே படகேறி மேற்குக் கரைக்கு வந்தாயிற்று. அங்கே கல்பாத்திரக் கடை ஒன்றில் இனாயத் நுழைந்தாள். நுழைந்தவளை வெளியே எடுக்க நாலு மணி நேரம் ஆனது. நான்கு கிண்ணம், இரண்டு கல் பூனை, தன் அளவுக்கு ஒன்றும் தனக்குப் பற்றாத அளவில் ஒன்றுமாக இரண்டு கலாபியா அங்கிகள். "இளைச்சா போட்டுக்குவேன்" என்றாள். அவள் இருபது வருஷமாக அதைச் சொல்கிறாள்.

"மணி பன்னிரண்டே முக்கால்" என்றாள் ஃபெரியால். அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சுக்கூட விடமாட்டாள். "அஸ்வான் ரயில் அஞ்சுக்கு. கோயில்லேர்ந்து மூணரைக்குக் கிளம்பியாகணும். ஒரு நிமிஷம் லேட்டாச்சுன்னாலும் நான் பொறுப்பில்ல."

மதீஹா வாடகை வண்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தூரத்து மலையடிவாரத்தில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது கோயிலா, பாறையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே மடியில் இருந்த பையைத் திறந்தாள்.

"வண்டியிலேயே சாப்பிட்டுடலாம், நேரம் மிச்சம். இனாயத், உனக்குச் சீஸ். ஷைமா, முட்டை வேணுமா?"

வண்டி நின்றது.

ஓட்டி வந்தவர் அப்துர் ராதி, பக்கத்துக் குர்னா கிராமத்துக்காரர். மகன் கரத்தின் பேரை வைத்து ஊரில் எல்லாரும் கரம் அப்பா என்பார்கள். ஆறடி உயரம், பெரிய தலைப்பாகை. கண்ணாடியில் அந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"என்னம்மா அது?"

"சாண்ட்விச். நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க."

"எங்க ஊர் எல்லைல, எங்க அண்ணன் தம்பிங்க எல்லாம் பாக்குற ரோட்டுல, என் வண்டில உக்காந்து, நீங்க கொண்டாந்த காஞ்ச ரொட்டியத் திங்கறீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஐயோ, தொந்தரவு வேணாம்னுதான்..."

"நம்ம வீட்டுல சாப்பாடு."

நம் எகிப்தின் வடக்கத்தி ஆட்களுக்கு இதற்கு ஒரு பதில் பிறவியிலேயே வாயில் இருக்கும். இனாயத் அதை எடுத்துவிட்டாள்: "இன்ஷா அல்லாஹ், இன்னொரு தடவை கட்டாயம் வர்றோம் அண்ணே!" தன்தாவில் இதைக் கேட்டால் இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தெற்கே அப்படி இல்லை. சாப்பிட வா என்றால் வந்தாக வேண்டும். வரமாட்டேன் என்றால் அந்த வீட்டில் உப்பில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி.

கரம் அப்பா தலைப்பாகையை ஒரு தட்டுத் தட்டினார். வலது கையைத் தூக்கினார்.

"எம்மேல தலாக்! இன்னிக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகைக்கு முன்னால நீங்க நாலு பேரும் எம் பொண்டாட்டி கையால சாப்பிட்டாகணும். இல்லாட்டி அவ எனக்கு இல்ல!"

"அவ எனக்கு இல்லன்னா? நாம சாப்பிடலேன்னா அந்தம்மாவுக்கு விவாகரத்தா?" என்றாள் ஷைமா மெதுவாக.

"ஆமா" என்றார் கரம் அப்பா. குரலில் பெருமைதான் இருந்தது.

அவரே மனைவிக்குப் போன் போட்டு, "நாலு விருந்தாளி, சத்தியம் பண்ணிட்டேன்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"சத்தியம் பண்ணிட்டியா? மறுபடியுமா? ஆட்டு யாவாரி டீ குடிக்கலன்னு ஒரு தலாக் போச்சு. கண் டாக்டர் வாத்துக்கறி திங்கலன்னு ரெண்டாவது போச்சு. ரெண்டு தடவையும் பள்ளிவாசல் ஷேக்கோட கைய காலப் புடிச்சோம், அவரு சேத்து வச்சாரு. மூணாவது போனா சேத்து வைக்க வழியே கெடையாதுய்யா! போன அவங்ககிட்ட குடு!"

கெய்ரோவில் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற முஃப்திகள் இந்த மாதிரிச் சத்தியமெல்லாம் செல்லாது, பத்துப் பேருக்குச் சோறு போட்டால் சரியாகிவிடும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். குர்னா ஷேக் பத்திரிகை படிப்பதில்லை. அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

போனை மதீஹா வாங்கினாள்.

"அக்கா," என்றது அந்தக் குரல், "நான் பத்ரியா. இருபத்தேழு வருஷமா இந்த ஆளோட குப்பை கொட்டறேன். ஒரு சாப்பாட்டுக்காக என்னைத் தெருவுல நிறுத்திடாதீங்க."

மதீஹா அந்த வெளுத்த கோட்டைப் பார்த்தாள். கிராமத்து வீட்டு விருந்து என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வாத்தைப் பிடிக்கவே அரை மணி. அதற்கப்புறம் சாப்பாடு, அதற்கப்புறம் டீ, அதற்கப்புறம் இன்னொரு டீ, அடுத்த வீட்டுக்காரி வந்து பார்க்க, அவள் ஒரு டீ. எழுந்திருக்கும்போது ரயிலுக்குத்தான் நேரம் இருக்கும். கோயிலுக்கு இருக்காது.

ஆனாலும் சொன்னாள்: "வர்றோம் பத்ரியா. அந்தக் கோயில் மூவாயிரத்து ஐநூறு வருஷமா அங்கேதான் இருக்கு, எங்கயும் போயிடாது."

"நாமதான் போயிடுவோம்" என்று ஃபெரியால் முணுமுணுத்தாள்.

ஷைமாவுக்குத் தாங்கவில்லை. வயிற்றிலிருப்பதையே மறைத்து இந்த அம்மாளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது வாத்துக்கறிக்காகவா? போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பத்ரியாம்மா, அவர் உங்க கையாலன்னுதான் சொன்னாரு. உங்க வீட்லன்னு சத்தியத்துல சொல்லல. நீங்க சாப்பாட்டை எடுத்துட்டுக் கோயில் வாசலுக்கு வந்துடுங்களேன்!"

அந்தப் பக்கத்திலிருந்து, "நீ யாரு பெத்த புள்ளடி? முத்தம் தரணும்போல இருக்கு" என்று கேட்டது. "இன்னிக்கு ரொட்டி சுடற நாள். முலூகியாக் கீரையும் அடுப்புல இருக்கு. அரை மணில வர்றேன்."

கரம் அப்பா யோசித்துப் பார்த்தார். சத்தியத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. வண்டியை எடுத்தார்.

அப்போது தன்தா வீட்டிலிருந்து பத்ஹி போன் செய்தார். "மதீஹா, அரிசி எந்த டப்பால?"

"அரிசின்னு எழுதியிருக்கிற டப்பால" என்று அவள் வைத்துவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு, பக்கத்து வீட்டு மூன்று சக்கரச் சரக்கு வண்டியில், பானைகளுக்கு நடுவில் கறுப்பு முக்காட்டோடு கோயில் வாசலில் வந்து இறங்கினாள் பத்ரியா. உருண்டை முகம், கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டிய துணி. யாருக்கும் சலாம் சொல்லாமல் நேரே போய்ப் பெரிய பானையைப் பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே மெஷினில் வைத்தாள்.

திரையில் கறுப்பாக ஒரு உருண்டை வந்தது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"என்னது இது?"

"முலூகியா."

"சாப்பாடு உள்ள போகக்கூடாது."

"போகணும். போகலேன்னா என் குடும்பம் போயிடும்."

"எம்மேல தலாக்!" என்று காவலாளி கையைத் தூக்கினான். "இந்தப் பானை இந்த வாசலைத் தாண்டாது!"

மதீஹா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு பானைக்கு இரண்டு தலாக்! பத்ரியா மட்டும் இடுப்பில் கைவைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவன் காது சிவந்தது. "இன்னும் இல்லக்கா."

"அப்ப கைய எறக்கு. மொதல்ல ஒருத்தியக் கட்டு, அப்புறம் அவள வச்சு சத்தியம் பண்ணு."

ஆனாலும் விதி விதிதான். வாசலுக்கு வெளியே, சுவரின் நிழலில் பாயை விரித்தார்கள். பூண்டையும் கொத்தமல்லியையும் நெய்யில் பொரித்துக் கொட்டிய கீரை, வாத்து, வெயிலில் உப்பவைத்துச் சுட்ட ரொட்டி. காவலாளிக்கும் ஒரு தட்டுப் போயிற்று. ஃபெரியால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். மதீஹா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். இனாயத் எதையும் பார்க்காமல் சாப்பிட்டாள்.

பூண்டு வாசனை வந்த உடனேயே ஷைமாவுக்கு அடிவயிறு புரண்டது. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் பேசுகிற நேரம் பார்த்து, கீரையும் வாத்தும் சித்தி இனாயத்தின் தட்டுக்கு இடம் மாறின. தட்டில் சோறு தானாகப் பெருகுகிற பரக்கத் என்று நினைத்துக்கொண்டு இனாயத் அதையும் சாப்பிட்டாள்.

இதை ஒருத்தி பார்த்துவிட்டாள். ஷைமா பிய்க்காமலே விட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டாச்சு. கிளம்பலாம்" என்று ஃபெரியால் எழுந்தாள். "ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் இருக்கு."

மதீஹா இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீயும் வா பத்ரியா."

"நானா? உள்ளயா? எனக்கு அங்க என்ன வேல?"

"எத்தனை தடவை பாத்திருக்கே?"

பத்ரியா பானையைத் துடைத்தாள். "எங்க வீட்டு மாடிலேர்ந்து தெரியும். வந்தவங்க எல்லாம் கோயிலப் பாத்துட்டு எங்க வீட்டுல சாப்பிடுவாங்க. அப்படி இருக்கு, இப்படி இருக்குன்னு சொல்லுவாங்க. நான் தட்டக் கழுவிக்கிட்டே கேப்பேன்."

பத்ரியா துடைத்துக்கொண்டிருந்த துணியை மதீஹா அவள் கையிலிருந்து வாங்கிக் கரம் அப்பாவின் கையில் கொடுத்தாள். "பானையெல்லாம் நீங்க பாத்துக்குங்க."

சரிவுப் பாதையின் அடியில் வந்ததும் மதீஹா நின்றாள்.

மேலே செங்குத்தான பாறை. அதன் மடியில் மூன்று அடுக்கு, வரிசை வரிசையாகத் தூண்கள். பலகையில் இது அவள் முழங்கை நீளம்தான் இருக்கும். பெல் அடித்ததும் அடுத்த டீச்சர் வந்து அழித்துவிடுவாள். இதை யாராலும் அழிக்க முடியாது என்று தோன்றியதும் மதீஹாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவும் இல்லை. நடுப்பாதையில் நின்று நன்றாக அழுதாள்.

ஃபெரியால் கைக்குட்டையைக் கொடுத்தாள். முதல் தடவையாக, கடிகாரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. பத்ஹி. "சோறு குழைஞ்சு போச்சு மதீஹா."

"ஸ்பூன்ல சாப்பிடுங்க" என்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டாள்.

இரண்டாம் அடுக்கில், தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பிய கதை சுவர் முழுக்கச் செதுக்கியிருக்கிறது. மதீஹா கதையைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தாள். அந்தத் தேசத்து ராணியிடம் வந்ததும் எல்லாரும் நின்றார்கள். மடிப்பு மடிப்பாக உடம்பு, நல்ல பருமன்.

"அசல் கல்லு கெய்ரோ மியூசியத்துல இருக்கு, இது நகல்" என்றாள் மதீஹா. "பக்கத்துல பாருங்க, அவங்கள ஏத்திட்டு வர்ற கழுதை."

பத்ரியா கழுதையைப் பார்த்தாள். ராணியைப் பார்த்தாள். பிறகு இனாயத்தைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கறே?" என்றாள் இனாயத்.

"ஒண்ணுமில்லக்கா. கழுத பாவம்னு நெனச்சேன்."

ஃபெரியால் டீச்சர் சிரித்து அன்றுதான் முதலில் எல்லாரும் பார்த்தார்கள். இனாயத், "சாப்பாடு போட்டுட்டுக் கேலி பண்ணுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வாத்து நன்றாக இருந்ததால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

மேலே, ராணி கல்லாக நின்ற தூண்கள். முகவாயில் நீளத் தாடி.

"பொம்பளன்னு சொன்னீங்க?" என்று பத்ரியா கேட்டாள்.

"பொம்பளதான். அரசனா உக்காரணும்னா தாடி வேணும்னாங்க. சரி, குடுங்கன்னு வாங்கி ஒட்டிக்கிட்டா. இருபது வருஷம் ஆண்டா. செத்த பிறகு பேரையும் முகத்தையும் உளியால கொத்தி எடுத்துட்டாங்க."

"கொத்தியும் போகலயே" என்றாள் பத்ரியா. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அஸ்வான்ல என்ன இருக்கு டீச்சரம்மா?"

"தீவுல ஒரு கோயில். ஐஸிஸ் தேவிக்கு. படகுல போகணும்."

"தண்ணிக்கு நடுவுலயா?" என்று கேட்டுவிட்டு அவள் தூரத்தில் நைல் ஓடுகிற திசையைப் பார்த்தாள்.

தலை சுற்றியதால் ஷைமா ஒரு தூண் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பத்ரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன மாசம்?"

ஷைமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போன வருஷம் நடந்ததையும், மாமியாரிடம் சொல்லாததையும். "சொல்லியிருந்தா அவங்க இன்னிக்கு அழுத அழுகையை அழுதிருக்க மாட்டாங்க. வீட்ல எனக்கு சூப் வச்சுட்டு இருப்பாங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் சத்தியம்... மன்னிச்சுடுங்கம்மா, நான் ஒரு வாய்கூடச் சாப்பிடல. இப்பவே ஏதாவது குடுங்க, கண்ணை மூடிட்டு முழுங்கிடறேன்."

"வெறும் ரொட்டி எறங்குமா?"

"இறங்கும்."

பத்ரியா கூடைத் துணியை விலக்கினாள். ரொட்டியைப் பார்த்தாள். தாடி வைத்த ராணியைப் பார்த்தாள். துணியை மறுபடி மூடினாள்.

"இப்ப வேணாம். நான் சொல்றப்ப சாப்பிடு."

மூன்றரைக்கு வண்டியில் ஏறினார்கள். கரம் அப்பா நல்ல குஷியில் இருந்தார். பானைகளைக் கழுவிக்கூட வைத்திருந்தார்.

"சத்தியம் நெறவேறிச்சு, அல்ஹம்துலில்லாஹ்!"

"இல்ல" என்றாள் பத்ரியா. அவள் முன் ஸீட்டில், அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். "மூணு பேருதான் சாப்பிட்டாங்க. இந்தப் புள்ள ஒரு பருக்க தொடல."

வண்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. "என்னது!"

"ஏன் ஷைமா, ஏன் சாப்பிடல?" என்று மதீஹா திரும்பினாள்.

"வண்டி ஆட்டம் ஒத்துக்கல அத்தை."

மதீஹா மருமகளை உற்றுப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் பொய் சொல்கிற பெண்களைப் பார்த்த கண். ஆனால் அதற்குள் கரம் அப்பா பின்னால் திரும்பி, "தாயே, ஒரு வாய்! ஒரே ஒரு வாய்!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

"அவசரப்படாத" என்றாள் பத்ரியா. "மஃரிபுக்கு ஆறு மணியாகும். ரயில்ல உக்காந்ததும் வயிறு சமனப்படும், எங்கையால ஊட்டிட்டு எறங்கிடறேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

இருபத்தேழு வருஷத்தில் அவள் சொன்னபடி அவர் ஓட்டியது அன்றைக்குத்தான்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம். பெண்கள் ஐந்து பேரும் பெட்டிக்குள் இருந்தார்கள். கரம் அப்பா பிளாட்பாரத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குடுத்துட்டியா?"

"புள்ளைக்கு மூச்சு வாங்குது, இரு."

"மூணு நிமிஷம்" என்றாள் ஃபெரியால். பத்ரியா அவளைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "என் கடிகாரம் தப்பாப் போகாது. இன்னும் நிறைய நேரம் இருக்கு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். முப்பது வருஷத்தில் அவள் சொன்ன ஒரே தப்புக் கணக்கு அது. இனாயத் சத்தமில்லாமல் தனக்குப் பற்றாத அந்தக் கலாபியாவை எடுத்து பத்ரியாவின் மடியில் வைத்தாள். அது பத்ரியாவுக்குச் சரியாக இருக்கும்.

விசில் அடித்தது.

"பத்ரியா! குடுத்துட்டு எறங்கு!"

ரயில் ஒரு இழுப்பு இழுத்து நகர்ந்தது. அப்போதுதான் பத்ரியா துணியைப் பிரித்தாள். ரொட்டியைப் பிட்டு, ஜன்னலில் நன்றாகத் தெரியும்படி ஷைமாவின் வாயில் வைத்தாள். ஷைமா மென்றாள். விழுங்கினாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. எதிர் ஸீட்டில் மதீஹா, ஜன்னல் பக்கமே திரும்பாமல், மருமகளின் வாயையும் அவள் வயிற்றின் மேல் வைத்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தப் பரீட்சைத்தாள் திருத்துகிற பார்வை வந்துவிட்டது.

"சாப்பிட்டாச்சு!" என்று பத்ரியா ஜன்னல் வழியே கத்தினாள். "நான் உன் பொண்டாட்டிதான், கவலைப்படாத! நாளன்னிக்கு வர்றேன்! மிச்ச வாத்து அடுப்பு மேல இருக்கு!"

கரம் அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடும்பம் தப்பித்தது என்று ஒரு பெரிய மூச்சு விட்டார். அப்புறம்தான் ஓடுகிற ரயிலில் இருப்பது யார் என்று உறைத்தது.

"எறங்கு! பத்ரியா, எறங்குடி!" தலைப்பாகை அவிழ, ஜன்னலோடு ஓடினார். பிளாட்பாரம் முடிகிற இடம் வந்தது. நின்றார். வலது கையைத் தூக்கினார்.

"எம்மேல தலா..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டு வியாபாரிக்கு ஒன்று, கண் டாக்டருக்கு ஒன்று. கையிருப்பில் கடைசித் தலாக் ஒன்றே ஒன்று இருந்தது. அந்த ஒன்றும் ஜன்னலில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டு போயிற்று.

தூக்கிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதை மெதுவாக ஆட்டி, மனைவிக்கு டாட்டா காட்டினார்.